செத்துப்போன லிங்க்கை காட்டுற எக்ஸ்டென்ஷன்: கோர்ஸ் எரரை தாண்ட முடியல

பழையபதிவு:
வணக்கம். பழைய தமிழ் வலைப்பதிவுகளை தேடிப் படிக்கிற ஆள் நான். எதை க்ளிக் பண்ணாலும் பக்கம் இல்லைன்னுதான் வருது, ஜியோசிட்டீஸ்னு இருந்த இலவச ஹோஸ்டிங்ல இருந்ததெல்லாம் 2009லயே போச்சு. அதான் செத்த லிங்க் மேல சிவப்பு கோடு போடற மாதிரி குரோமுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதுறேன். கன்டென்ட் ஸ்கிரிப்ட்ல (பக்கத்துக்குள்ள ஓடுற எக்ஸ்டென்ஷன் கோடு) இருந்து ஃபெட்ச் அடிச்சா, அதாவது லிங்க்கை கேட்டுப் பார்த்தா, நல்லா திறக்கிற சைட்டுக்கும் கோர்ஸ் (CORS, ஒரு சைட்டோட பக்கம் இன்னொரு சைட்டோட பதிலை படிக்காம தடுக்கிற ப்ரௌசர் விதி) எரர், நோ-கோர்ஸ் மோடு போட்டா எரர் வரல ஆனா ஸ்டேட்டஸ் (சர்வர் தர்ற பதில் எண்) எப்பவும் 0. என்ன பண்ணலாம்?

கம்பிவலை:
கன்டென்ட் ஸ்கிரிப்ட்ல இருந்து அடிச்சா அந்த பக்கமே அடிச்ச மாதிரிதான் ப்ரோ, கோர்ஸ் தடுக்கத்தான் செய்யும். லிங்க்கை மட்டும் பொறுக்கி சர்வீஸ் வொர்க்கருக்கு (எக்ஸ்டென்ஷனோட பின்னணி ஸ்கிரிப்ட்) மெசேஜ் அனுப்புங்க, ஃபெட்ச் அங்க நடக்கட்டும். மேனிஃபெஸ்ட்ல (எக்ஸ்டென்ஷனோட செட்டிங் ஃபைல்) ஹோஸ்ட் பெர்மிஷன் (அந்தந்த சைட்டை தொட அனுமதி) வேணும், எல்லா சைட்டுக்கும் முதல்லயே கேட்டா இன்ஸ்டால் பண்றப்பவே பெரிய வார்னிங் வந்து ஆளுங்க பயந்துடுவாங்க, அதனால ஆப்ஷனலா வச்சு பட்டனை அழுத்தும்போது கேளுங்க. இன்னொண்ணு, ஃபெட்ச்ல கிரெடென்ஷியல்ஸை (லாகின் குக்கி மாதிரி) கண்டிப்பா ஒமிட் பண்ணுங்க. இல்லன்னா குக்கியோட போய் பக்கத்துல இருக்கிற லாக்அவுட் லிங்க்கையும் தட்டிட்டு வந்துடும், படிக்கிறவர் வெளிய வந்து நிப்பார். வொர்க்கர் 30 செகண்ட் சும்மா இருந்தா குரோம் அதை நிறுத்திடும், அதனால செக் பண்ண வேண்டிய லிங்க் க்யூவை குளோபல் வேரியபிள்ல வைக்காதீங்க, அழிஞ்சுடும்.

நாநூத்திநாலு:
கோர்ஸ் சின்ன விஷயம்ங்க, தப்பா சிவப்பு போடறதுதான் பெரிய தலைவலி. ஹெட் ரெக்வெஸ்ட் (பக்கம் இல்லாம ஹெடர் மட்டும் கேக்கறது) சீப்தான், ஆனா சில சர்வர் அதுக்கு 405 (இந்த முறைக்கு அனுமதி இல்ல) தரும், சிலது பக்கம் இருந்தும் 404 (பக்கம் இல்ல)னு சொல்லும், அதனால ஹெட் தோத்தா கெட் (முழு பக்கத்தையும் கேக்கறது) அடிச்சு ஹெடர் வந்ததும் அபார்ட் பண்ணி நிறுத்திடுங்க. 403, 429 ரெண்டும் செத்ததில்ல. முதல்து உங்களை பாட்னு (தானா ஓடுற ப்ரோகிராம்) நினைச்சு கதவை சாத்துறது, ரெண்டாவது மெதுவா வான்னு சொல்றது, ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் இருந்தா அவ்வளவு நேரம் பொறுங்க. இதுக்கெல்லாம் மஞ்சள் போடுங்க. 404, 410 (நிரந்தரமா எடுத்தாச்சு), டொமைனே இல்லாததுக்கு மட்டும் சிவப்பு.

அப்புறம் பக்கம் போயிருக்கும் ஆனா 200 வரும், இல்ல ஹோம் பேஜுக்கு தள்ளிவிடும். அந்த சைட்லயே கண்டபடி ஒரு அட்ரஸ் அடிச்சுப் பாருங்க, அதுக்கும் 200 வந்து அதே பக்கம் கிடைச்சா அந்த சைட்டோட 200ஐ நம்பவே கூடாது.

பழையபதிவு:
வொர்க்கருக்கு மாத்தினதும் ஸ்டேட்டஸ் ஒழுங்கா வருது, ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சிவப்பு லிங்க் பக்கத்துலயே பழைய காப்பியும் காட்ட வழி இருக்கா?

கம்பிவலை:
இருக்கு, வேபேக் மெஷினோட (பழைய வலைப்பக்கங்களை சேமிச்சு வைக்கிற சைட்) அவெய்லபிள் ஏபிஐ, அதாவது காப்பி இருக்கான்னு ப்ரோகிராம்லயே கேக்கற வழி. யூஆர்எல்லோட டைம்ஸ்டாம்ப்பும் குடுங்க, அதுக்கு கிட்டத்துல இருக்கிற காப்பியை தரும். இன்னிக்கு தேதி குடுக்காம பதிவு எழுதின தேதியை குடுங்க, ஏன்னா டொமைன் கை மாறியிருந்தா புது காப்பில லாட்டரி விளம்பரம்தான் இருக்கும். சிவப்புக்கு மட்டும் கேளுங்க, எல்லா லிங்க்குக்கும் கேட்டு அவங்க சர்வரை போட்டு அடிக்க வேணாம்.