புதுப்பிப்பு: தேனீ புத்தகத்துக்குப் பொருள் தலைப்பு போட்டாச்சு

நூலகப் பட்டியலில் ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று காட்டி, தேட உதவும் சொல்தான் பொருள் தலைப்பு. அதைப் பற்றிப் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். 240 பக்கப் புத்தகம். தேனீ 150 பக்கம், குளவி 60, எறும்பு 30. எதற்கும் இருக்கட்டும் என்று ‘பூச்சிகள்’, ‘தேனீக்கள்’, ‘குளவிகள்’, ‘எறும்புகள்’ என நான்கையும் பதிந்துவிட்டு, இது சரியா என்று கேட்டேன்.

சரியில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கையேட்டில், நூலில் குறைந்தது 20 சதவீதம் பிடிக்கும் பொருளுக்குத்தான் தலைப்பு. இங்கே அது 48 பக்கம். குளவி தேறிவிட்டது, எறும்பு தேறவில்லை. எறும்பு அத்தியாயத்தை மார்க் (கணினிப் பட்டியல் பதிவு வடிவம்) 505 புலத்தில், அதாவது உள்ளடக்கக் குறிப்பில், சேர்த்துவிட்டேன். சொல் தேடலில் அகப்படும்.

‘பூச்சிகள்’ போயே போச்சு. குறிப்பான பொருளின் கீழ் பதி, அதை அடக்கிய பெரிய வகையின் கீழ் பதியாதே என்று அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் 1876-லேயே விதி எழுதிவிட்டார். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

ஆனால் பெரிய கோட்டை விட்டது வேறு இடத்தில். புத்தகத்தின் பெயரையும் அட்டையையும் மட்டும் பார்த்திருந்தேன். உள்ளே புரட்டினால், அந்த 150-இல் 100 பக்கம் தேனீப் பெட்டி, அதற்குள் வைக்கும் மரச்சட்டம், புகை போடுவது, தேன் எடுப்பது! அது ‘தேனீ வளர்ப்பு’, தனித் தலைப்பு. பூச்சியாகத் தேனீயைப் பேசுவது 50 பக்கம்தான், இரண்டு பக்கத்தில் தப்பியது.

இப்போது வரிசை: தேனீ வளர்ப்பு, குளவிகள், தேனீக்கள். முதல் தலைப்போடு, நூலை அலமாரியில் பொருள்வாரியாக அடுக்க உதவும் வகைப்பாட்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டுமே, அதனால் டியூயி வகைப்பாட்டில் 595.799 (தேனீக்கள்) போய் 638.1 (தேனீ வளர்ப்பு) ஆகிவிட்டது. அந்தப் பழைய எண் போட்ட முதுகுச் சீட்டை நேற்றுதான் ஒட்டியிருந்தேன். சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.