கலைச்சொல்: பழிவாங்கும் வாள்மாயப் படத்தில் ‘தூண்டு நிகழ்வு’ எது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். திரைக்கதைச் சொற்பட்டியலில், நாயகனைச் செயலில் இறக்கிக் கதையை ஓடவிடும் நிகழ்வான ‘இன்சைட்டிங் இன்சிடென்ட்’ என்பதற்குத் ‘தூண்டு நிகழ்வு’ என்று எழுதி வருகிறோம். பொதுவான கதைகளுக்கு அது போதுமானது. அதை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பழிவாங்கும் கதையில், அதிலும் வாளும் மாயமும் சேர்ந்த சாகசப் படத்தில், அந்த ஒரு சொல் தன்மையால் வேறுபட்ட இரண்டு நிகழ்வுகளை ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. அவற்றைப் பிரித்துக் காட்ட இரண்டு சொற்கள் வேண்டும் என்பதே இம்மடலின் நோக்கம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1982இல் வெளிவந்த ‘கோனன் த பார்பேரியன்’ படத்தை ஜான் மிலியஸ் இயக்கினார். திரைக்கதையை அவரும் ஆலிவர் ஸ்டோனும் எழுதினர். தொடக்கத்தில் துல்சா டூம் என்பவனின் குதிரைப்படை ஒரு மலைச் சிற்றூரைச் சூறையாடுகிறது. சிறுவன் கோனனின் தந்தை நாய்களுக்கு இரையாகிறார். தாயின் தலையை டூமே வெட்டுகிறான். தந்தை வடித்த வாள் கொள்ளையரின் கைக்குப் போகிறது. அடிமையாக விற்கப்பட்ட சிறுவன், செக்கு மாட்டைப் போல ஒரு பெருஞ்சக்கரத்தைத் தள்ளித் தள்ளியே ஆளாகிறான். பிறகு மற்போர்க் குழியில் பிறர் பந்தயம் கட்டும் பொருளாகிறான். ஒருநாள் காரணம் சொல்லப்படாமலே விடுவிக்கப்படுகிறான். அதன் பின் அவன் ஒன்றையொன்று நோக்கும் இரு பாம்புகள் பொறித்த கொடியைப் பற்றி விசாரித்துக்கொண்டு அலைகிறான் என்பது உண்மைதான். ஆயினும் அந்த அலைச்சலில் தேடல் இருக்கிறதே ஒழியத் திட்டம் இல்லை. அவன் சுபோட்டாய் என்னும் திருடனோடும் வலேரியா என்னும் திருடியோடும் சேர்ந்து பாம்புக் கோபுரத்தில் புகுந்து மணியைத் திருடுகிறான். திருடியதைக் குடித்தும் தின்றும் தீர்க்கிறான். கதை அங்கேயே பழியை மறந்து வேறு பக்கம் போயிருந்தாலும் எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் ஆஸ்ரிக் மன்னனின் காவலர்கள் மூவரையும் பிடித்துச் செல்கிறார்கள். டூமின் பாம்பு வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கிப் போய்விட்ட தன் மகளை மீட்டு வந்தால் வேண்டிய மணிகளை அள்ளிக்கொள்ளலாம் என்கிறான் மன்னன். படம் திசைபெறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது கேள்வி: இவற்றுள் தூண்டு நிகழ்வு எது? ஊர் அழிந்தது என்றால், அது தூண்டிய செயல் பல ஆண்டுகள் கழித்தல்லவா தொடங்குகிறது? இடையில் நாயகனுக்கு எதையும் செய்யும் உரிமையே இல்லை. மன்னனின் வேண்டுகோள்தான் என்றால், ஊரழிவைப் ‘பின்கதை’ என்று தள்ள நேரிடும்; படமோ அதை எவர் நினைவின் வழியாகவும் சொல்லாமல், முதற்காட்சிகளாக முழுமையாக நம் கண்முன் நடத்திக் காட்டுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சொல் பொருந்தவில்லை.

இந்த இரட்டைத் தொடக்கத்தை எழுத்தாளர்களின் தடுமாற்றம் என்று நான் கருதவில்லை. இரண்டு தொடக்கங்களும் இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. ராபர்ட் இ. ஹோவர்ட் படைத்த கோனன் 1932 டிசம்பரில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் முதன்முதலாக அச்சேறியவன். அந்தச் சிறுகதைகளில் அவன் திருடன், கூலிப்படை வீரன், கடற்கொள்ளையன், அரசன் எனக் கதைக்குக் கதை வேறாகத் திரிகிறான். ஒரு வேலை கிடைக்கும், அதில் மாயம் குறுக்கிடும், வாள் அதை முடிக்கும், கதை மூடிக்கொள்ளும். வாழ்நாள் முழுதும் துரத்தும் பழி அங்கே இல்லை. துல்சா டூமே கூட ஹோவர்டின் மற்றொரு நாயகனான குல் என்பவனின் எதிரி. ஆகவே வேலை என்பது இதழ்க்கதையின் சொத்து. பழி என்பது, உதிரி நிகழ்வுகளை இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஒரே சரட்டில் கோக்கத் திரைக்கதை கொண்டுவந்து சேர்த்தது. இந்த வகைப் படத்தின் கட்டமைப்பு நிற்பதும் விழுவதும் இந்த இரண்டும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகின்றன என்பதில்தான்.

(இவ்வகைக்கு ஆங்கிலத்தில் பெயர் வந்ததே ரசிகர் இதழ் ஒன்றில் நடந்த கலைச்சொல் விவாதத்தால்தான். எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் பெயர் ஒன்று வேண்டும் என்று கேட்டுக் ‘காவியப் புனைவு’ என்ற பொருளில் ஒன்றைத் தாமே சொல்ல, 1961இல் மற்றோர் எழுத்தாளரான ஃபிரிட்ஸ் லைபர் ‘ஸ்வார்ட் அண்ட் சோர்சரி’ (வாளும் மாயமும்) என்றார், அதுவே நிலைத்தது. நான் ‘வாள்மாயம்’ என்று எழுதுகிறேன். ‘மாயாஜாலப் படம்’ என்றால் நம் நினைவு நேரே இயக்குநர் விட்டலாச்சார்யாவின் படங்களிடம் போய்விடும். அங்கே தெய்வமும் மந்திரமும் நாயகனுக்குக் கைகொடுக்கும். வாள்மாயத்திலோ மாயம் பெரும்பாலும் எதிரியின் கையில் இருக்கும்.)

இனிச் சொற்கள். முதல் நிகழ்வுக்கு ‘வஞ்சினம்’ என்று முன்பு ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் இடம் இதுவன்று. வஞ்சினம் வாய்விட்டுச் சொல்லப்படுவது. சொன்னதை முடிக்காவிட்டால் தனக்கு என்ன கேடு வரட்டும் என்று தன்மீதே விதித்துக்கொள்வது. புறநானூற்று 72ஆம் பாட்டில் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும் என்கிறான். நம் படத்தின் சிறுவனோ ஒரு சொல்லும் சொல்வதில்லை. தாயின் கை தன் கையிலிருந்து நழுவுவதை உணர்ந்து நிற்கிறான், அவ்வளவே. வஞ்சினத்துக்கு நெருங்கிய பேச்சு வருவது இறுதிக்கு முந்திய போருக்குச் சற்று முன்னால், அவன் குரோம் என்னும் தன் தெய்வத்திடம் பழியை நிறைவேற்றித் தரும்படி வேண்டும் இடத்தில். அங்கும் அவன் தெய்வம் செவிசாய்க்காவிட்டால் தெய்வத்தையே சபித்துவிடுகிறான். அதாவது கேடு சொன்னவன்மீது விழாமல், வேண்டப்பட்ட தெய்வத்தின்மீது விழுகிறது. தலைகீழ் வஞ்சினம் என்று இதைத் தனியே பதிவு செய்யலாம்.

நான் முன்வைப்பது ‘பழிவிதை’. தமிழில் ‘பழி’ என்பது இழைக்கப்பட்ட தீங்கையும் குறிக்கும், அதற்கு ஈடாக வாங்கப்படுவதையும் குறிக்கும். இந்த இருபுறப் பொருள் இங்கே நமக்கு வாய்ப்பானது. ‘விதை’ என்றதற்கு நம் நாடக மரபிலேயே இடமுண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் சொல்லும் ஐந்து சந்திகளான, அதாவது நாடகக் கதை வளரும் ஐந்து கட்டங்களான முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் ஆகியவை உழுத நிலத்தில் இட்ட வித்து முளைத்து, வளர்ந்து, கருக்கொண்டு, விளைந்து, உண்ணப்படும் முறையிலேயே விளக்கப்படுகின்றன. இட்டதும் முளைப்பதில்லை என்பதால் இடைப்பட்ட ஆண்டுகளையும் இச்சொல் தாங்கும். ‘பழிவித்து’ இன்னும் செறிவாக இருந்திருக்கும். ஆனால் ‘அறிவித்து’, ‘பயில்வித்து’ என்பவற்றின் வரிசையில் அதை வினையெச்சமாகப் படித்துவிடுவார்கள்.

இரண்டாம் நிகழ்வுக்கு ‘ஏவல்’ என்ற சொல் முதலில் தோன்றும். பிற கதைகளில் பொருந்தலாம். மாயம் நடமாடும் கதையில் ‘மன்னன் ஏவல் விட்டான்’ என்று எழுதினால், மன்னன் சூனியக்காரனாகிவிடுவான். ஆகவே ‘இடைப்பணி’ என்கிறேன்: பழிவிதைக்கும் பழிமுடிப்புக்கும் இடையில் நாயகன் ஏற்கும் வேலை, ஆனால் அவனை அதே எதிரியிடம் கொண்டுசேர்க்கும் வேலை. கருத்துகளை அறிய விழைகிறேன்.

மறுமொழி:

அன்புள்ள ஐயா,

தங்கள் மடலைப் படித்தேன். ‘பழிவிதை’யை ஏற்கிறேன், அதற்குத் தாங்கள் சொல்லாத ஒரு சான்றும் படத்திலேயே இருக்கிறது. முடிவில் கோவில் படிகளில் கோனன் எதிரே வந்து நிற்கையில், டூம் தப்பியோட முயலாமல், உனக்கு வாழும் விருப்பத்தைத் தந்தவன் நானே, நான் இல்லாமற்போனால் உன் உலகில் என்ன மிஞ்சும் என்ற கருத்துப்படப் பேசி, அவனைத் தன் மகன் என்றே அழைக்கிறான். விதைத்தவன் விளைச்சலுக்கு உரிமை கோருகிறான் என்றால் மிகையாகாது. கோனன் கண நேரம் தயங்குவதும் அதனால்தான்.

‘இடைப்பணி’யை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘இடைத்தேர்தல்’, ‘இடைக்கால ஏற்பாடு’ என்று பழகிய காதுக்கு அது ஒப்புக்குச் செய்யும் சில்லறை வேலையாகவே கேட்கும். மேலும் அச்சொல் பணி வரும் இடத்தைச் சொல்கிறதே தவிர அதன் இயல்பைச் சொல்வதில்லை. இயல்பு எது? பழி தன்னுடையது, பணி பிறருடையது என்பதுதான். ஆதலால் ‘பிறர்பணி’ என்று வைத்துப் பாருங்கள்.

1985இல் ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கிய ‘ரெட் சோன்யா’வை வைத்து இதைச் சோதிக்கலாம். அதிலும் பழிவிதை தெளிவானது: கெட்ரன் அரசி சோன்யாவின் குடும்பத்தைக் கொல்வித்தவள். ஆனால் அவளைப் பயணத்தில் செலுத்துவது, கெட்ரன் கவர்ந்து சென்ற மாயக்கல்லை அழிக்க வேண்டும் என்று சாகுந்தறுவாயில் உடன்பிறந்தவள் வைக்கும் வேண்டுகோள். அங்கே கூலி இல்லை. உறவும் உலகத்தின் நலனும் இருக்கின்றன. ‘கூலிப்பணி’ என்று எவரேனும் சொன்னால் அது இங்கே உடைந்துபோகும், ‘பிறர்பணி’ உடையாது.

தங்களிடம் ஓர் ஐயமும் உண்டு. கோனன் கதையில் வலேரியாவை டூம் பாம்பு அம்பால் எய்து கொல்கிறானே, அதைப் பிறிதொரு பழிவிதை என்பதா? அப்படியானால் ஒரு படத்தில் எத்தனை விதைகளை எண்ணுவது?

மறுமொழி:

அன்புள்ள அம்மையீர்,

‘பிறர்பணி’ சிறந்த சொல். அதை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கையில், ‘இடைப்பணி’யால் காட்ட முடியாத ஓர் ஒழுங்கு தெரிகிறது. மன்னனின் வேலையைத் தோழர்கள் இருவரும் வேண்டாம் என்கிறார்கள். கிடைத்த செல்வத்தோடு விலகிப்போகலாம் என்பது வலேரியாவின் விருப்பம். கோனன் மட்டும் தனியே போகிறான், அதாவது தன்பழிக்காகப் போகிறான். பூசாரி வேடத்தில் டூமின் மலைக்குள் நுழைந்து, பிடிபட்டு, பாலையில் நிற்கும் ஒற்றை மரத்தில் அறையப்படுகிறான். தோழர்கள் அவனை மீட்டு உயிர்ப்பித்த பின், மூவரும் மன்னன் மகளை மீட்பதற்கென்று மலைக்குள் மீண்டும் புகுகிறார்கள். இம்முறை வேலை கைகூடுகிறது, டூம் பாம்புருக் கொண்டு தப்பிவிடுகிறான். பழியாகச் சென்றது தோற்கிறது. பணியாகச் சென்றது வெல்கிறது, ஆனால் பழி தீராமல் நிற்கிறது. படத்தின் நடுப்பகுதி முழுவதும் இந்த எதிர்நிலையை வைத்தே நகர்கிறது.

வலேரியாவின் சாவைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு இதிலேயே விடை கிடைக்கிறது என்று எண்ணுகிறேன். அவள் இறப்பது பணி முடிந்து திரும்பும் வழியில். அந்தப் பணியை ஏற்றிராவிட்டால் அவள் அந்த அம்புக்கு எட்டும் தொலைவில் இருந்திருக்க மாட்டாள். கோனனை உயிர்ப்பித்த இரவில், இதற்குத் தெய்வங்கள் விலை கேட்கும் என்று மந்திரவாதி எச்சரிக்கையில், அதைத் தானே செலுத்துவதாக அவள் ஒப்புக்கொண்டவளும் ஆவாள். எனவே இது புதிதாக ஊன்றிய விதையன்று. பிறர்பணி தன்பழியாக மாறும் இடம். அதற்கு முன் மன்னனுக்காகச் சண்டையிட்டவர்கள் அதற்குப் பின் தங்களுக்காகச் சண்டையிடுகிறார்கள். கற்குவியல்களுக்கு நடுவே நடக்கும் போரும், அதற்கு முன் குரோமிடம் வைக்கும் அந்த வேண்டுதலும் இதற்குப் பின்புதான் வருகின்றன. இந்த மாற்றத்துக்கு அடியார்க்குநல்லாரின் சொல்லையே கடன்வாங்கிப் ‘பழிச்சந்தி’ எனலாமா? ‘சந்தி’ என்றால் புணர்ச்சி விதிகளும் நாற்சந்தியும் நினைவுக்கு வரும் என்பது தெரிந்ததே. இரண்டு வழிகள் கூடும் இடம் என்ற பொருள் இங்கே கெடுதல் செய்யாது.

பழிவிதை ஒரு கதைக்கு ஒன்றே என்று வரையறுத்துவிடுவது நல்லது. தந்தையின் வாளைப் பாருங்கள்: முதற்காட்சிகளில் பறிபோனது, டூமின் படைத்தலைவன் ரெக்ஸரின் கையில் திரும்பி வருகிறது, கோனனின் அடியில் முறிகிறது, முறிந்த அதே வாளால் டூமின் தலை விழுகிறது. வலேரியாவின் சாவு அவன் கையை விரைவுபடுத்தியிருக்கலாம். கையில் இருந்த பொருள் சிற்றூரிலிருந்து வந்தது.

மன்னன் மகளை அவள் தந்தையிடம் சேர்க்கும் செய்தி பழிமுடிப்புக்குப் பிறகு ஒரே வரியில் சொல்லப்பட்டு விடுகிறது. பிறர்பணிக்கு இந்த வகைக் கதை தரும் மதிப்பு அவ்வளவுதான் என்பதையும் பதிவில் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம். மறுப்பு இல்லையெனில் பட்டியலில் இவ்வாறு இடுகிறேன்:

பழிவிதை – பழிவாங்கும் கதையில் நாயகருக்கு இழைக்கப்படும் முதல் தீங்கு. செயல் உடனே தொடங்க வேண்டியதில்லை.

பிறர்பணி – நாயகர் மற்றொருவருக்காக ஏற்று, அதன் வழியே தம் எதிரியைச் சென்றடையும் வேலை. கூலிக்காகவோ உறவுக்காகவோ இருக்கலாம்.

பழிச்சந்தி – பிறர்பணி நாயகரின் சொந்தப் பழியோடு ஒன்றாகும் இடம்.

‘தூண்டு நிகழ்வு’ பொதுச்சொல்லாகத் தொடரட்டும். ‘பழிச்சந்தி’க்கு மட்டும் இன்னும் சிலருடைய கருத்தைக் கேட்ட பிறகு முடிவு செய்வோம்.