தோட்டத்தில் புதைத்த வயலின் கான்செர்ட்டோ: இதில் ருஷிட்ஸ்கி எவ்வளவு?

ஐந்துகோடு:
போலந்து இசையமைப்பாளர் லுடோமிர் ருஷிட்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இந்த வாரம் மட்டும் நாலு தடவை கேட்டுவிட்டேன். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1944-ல் வார்சாவில் எழுதியது. ஆகஸ்டில் நாஜிகளுக்கு எதிரான எழுச்சி வெடித்த நேரத்தில், கைப்பிரதியை ஒரு பெட்டியில் வைத்துத் தோட்டத்தில் புதைத்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறினார். வீடு அழிந்தது. போருக்குப் பிறகு கட்டோவிட்ஸேவில் குடியேறி 1953-ல் அங்கேயே இறந்தார். பிற்பாடு கட்டட வேலை செய்தவர்கள் கையில் பெட்டி கிடைத்து, தாள்கள் வார்சா தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வயலின் கலைஞர் யானுஷ் வாவ்ரோவ்ஸ்கி அதைத் தேடிப் பிடித்து, மீட்டெடுக்க வைத்து, லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பதிவு செய்தார். 2021-ல் வெளிவந்தது. ஊரே எரியப்போகிற வருடத்தில் ஒரு மனிதர் இவ்வளவு வெளிச்சமான இசையை எழுதியிருக்கிறார், எனக்கு அதிலிருந்து மீளவே முடியவில்லை. எல்லோரும் கேளுங்கள்.

பழைய இசைத்தட்டு:
கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இசைக்குழுவுக்கான ஸ்கோரில், அதாவது எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்த இசைத்தாளில், தொடக்கப் பகுதி கொஞ்சம்தான் மிஞ்சியது. மற்றதெல்லாம் வயலினும் பியானோவும் சேர்ந்த வடிவத்தை வைத்து இந்தக் காலத்தவர்கள் விரித்தெழுதியது. பியானோவின் இடது கையில் இருக்கும் ஒரு வரியைச் செல்லோக்களுக்குக் கொடுப்பதா, பஸூனுக்குக் கொடுப்பதா, கொம்புகளை எங்கே நுழைப்பது, எங்கே எல்லோரையும் நிறுத்திவிட்டு வயலினைத் தனியாக விடுவது, இதையெல்லாம் முடிவு செய்தது ருஷிட்ஸ்கி இல்லை. 'பான் த்வார்தோவ்ஸ்கி' பாலே எழுதியவர் அவர். இசைக்குழுவின் நிறங்கள்தான் அவருடைய பலமே. அந்தப் பலத்தை இன்னொருவர் ஊகித்து எழுதிவிட்டு அட்டையில் அவர் பெயரைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்டிக் கதைதான் விற்கிறது.

ஐந்துகோடு:
அப்படிப் பார்த்தால் இன்னொரு போலந்து இசையமைப்பாளர் கார்வோவிச்சின் கடைசிப் படைப்பையும் ஒதுக்க வேண்டும். 1909 பிப்ரவரியில் டாட்ரா மலையில் பனிச்சரிவில் சிக்கி 32 வயதில் இறந்துபோனார், பாதியில் நின்ற ஸ்கோரை நண்பர் ஃபிடெல்பெர்க் முடித்துவைத்தார். அதைக் கார்வோவிச் என்றுதானே எல்லோரும் வாசிக்கிறார்கள்?

பழைய இசைத்தட்டு:
ஃபிடெல்பெர்க் அவரோடு பழகியவர், அவர் இசையை மேடையில் நடத்தியவர். எழுபது வருடம் கழித்து வருகிறவரை அவரோடு ஒப்பிடாதீர்கள்.

உண்மையான மீட்பு எப்படி இருக்கும் என்றால் போலந்து இசையமைப்பாளர் பானுஃப்னிக்கைப் பாருங்கள். எழுச்சிக்குச் சற்று முன் நோயாளித் தாயோடு வார்சாவைவிட்டுப் போனார், ஸ்கோர்கள் எல்லாம் அறையில். 1945 வசந்தத்தில், எழுச்சியில் இறந்த சகோதரனை அடக்கம் செய்யத் திரும்பி வருகிறார். ஸ்கோர்கள் குண்டுக்குத் தப்பிவிட்டன. ஆனால் அந்த அறையில் குடியேறிய யாரோ ஒருவர் அத்தனையையும் தீயில் போட்டிருக்கிறார். அப்புறம் உட்கார்ந்து 'ட்ராஜிக் ஓவர்ச்சர்' என்ற இசைக்குழுப் படைப்பை நினைவிலிருந்தே திரும்ப எழுதினார். முழுக்க நாலே சுரங்கள் கொண்ட ஒரு சிறு துணுக்குதான், விடாமல் திரும்பத் திரும்ப வரும், நடுவே குண்டு விழும் ஓசை, ட்ரோம்போனில் சறுக்கிக்கொண்டு மறையும் விமானம், இயந்திரத் துப்பாக்கி. ஒவ்வொரு சுரமும் அவர் தலையிலிருந்து வந்தது. அதைக் கேட்கும்போது யாரைக் கேட்கிறோம் என்ற சந்தேகமே எழாது.

ஐந்துகோடு:
பானுஃப்னிக் உயிரோடு இருந்தார், எழுதினார். ருஷிட்ஸ்கி இல்லை. அப்போது என்ன செய்வது, தாள்களை நூலக அலமாரியிலேயே விட்டுவிடலாமா? ஜெர்மானியர்கள் 1944 அக்டோபரில், சண்டை ஓய்ந்த பிறகும், கிராசின்ஸ்கி நூலகத்துக்குத் தீ வைத்து அங்கே சேர்த்துவைத்திருந்த கைப்பிரதிகளைச் சாம்பலாக்கினார்கள். எத்தனை படைப்புகளுக்கு ஒரு தாள்கூட இல்லை! இதற்குப் பியானோ வடிவம் முழுதாக இருக்கிறது, ராகமும் ஒத்திசைவும் அவருடையது. அதை ஊமையாக வைத்திருப்பதைவிட, மீட்டெடுத்தது என்று அட்டையில் தெளிவாகப் போட்டு வாசிப்பது நூறு மடங்கு மேல். ஒலிப்பதிவு வந்தால்தான் ஜனங்கள் ஸ்கோரைத் தேடுவார்கள். போலந்துக்காரர் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி 1976-ல் எழுதியது. 1992-ல் வந்த ஒரே ஒரு பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற பிறகுதானே உலகத்துக்கே அவரைத் தெரிந்தது?

வயோலாக்காரி:
இருவரும் கேட்கிறவர்களாகவே பேசுகிறீர்கள், நான் வாசிக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அமெச்சூர் குழுவில் போலந்து இசையமைப்பாளர் க்ராஷினா பாட்செவிச்சின் 1948 கான்செர்ட்டோவை, தந்திக் கருவிகளுக்கு எழுதியதே அது, வாசிக்கலாம் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் அவர் பெயர் தெரியாது, அதனால் வேண்டாம். அவர் 1969-ல்தான் இறந்தார், ஐரோப்பாவில் காப்புரிமை 2039 முடியும் வரை இருக்கிறது, ஒவ்வொரு கருவிக்குமான தாள்களை நினைத்தபோது இறக்கி அச்சடிக்க முடியாது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெயர் தெரியாத ஒருவருக்கு எந்தக் குழு காசு கொடுக்கும்? பதிவு கேட்டு நாலு பேர் ஆசைப்பட்டால்தான் நடக்கும். அந்த அளவில் ஐந்துகோடு சொல்வது சரி.

ஆனால் பழைய இசைத்தட்டின் கோபமும் எனக்குப் புரிகிறது. எந்தக் கையும் படாமல் முழுதாக இருக்கும் ஸ்கோர்களையே நாம் வாசிக்கவில்லை. கார்வோவிச்சின் 'நித்திய கீதங்கள்' 1906-ல் முடித்தது, காப்புரிமை எப்போதோ போய்விட்டது, ஸ்கோர் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதற்கு ஒரு பெட்டியும் புதைபடவில்லை, அதனால் செய்தியும் இல்லை.

பழைய இசைத்தட்டு:
நான் சொல்ல வந்தது இதுதான், இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை. ருஷிட்ஸ்கி பதிவை யாரும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எந்தப் பாரிலிருந்து (தாளக் கட்டத்திலிருந்து) எந்தப் பார்வரை அவர் கையெழுத்து என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும், அவ்வளவுதான். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஐந்துகோடு:
அதை நானும் கேட்பேன், அதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் மீட்டெடுத்ததும் இசைதான் என்பதில் நானும் இறங்கிவர மாட்டேன்.

'நித்திய கீதங்கள்' ஸ்கோரை இப்போதுதான் இறக்கினேன். ஸ்கோர் பார்த்துக் கேட்டுப் பழக்கமில்லை, ரெண்டாவது பக்கத்திலேயே வழி தவறிவிட்டது. வயோலாக்காரி, எந்த வரியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்?

வயோலாக்காரி:
முதலில் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் செல்லோ, டபுள் பாஸ் வரிகளில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு போங்கள், தவறினால் அடுத்த பெரிய உச்சம் வரும்வரை காத்திருந்து அங்கே திரும்பப் பிடியுங்கள். மூன்றாவது தடவை மேலே புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற மரக்காற்றுக் கருவிகளைப் பாருங்கள்.