மறு: டாலரன்ஸ் – 'எதிர்ப்புவிலக்கு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையோ குறிப்பிட்ட வேறொரு பொருளையோ தாக்காமல் விடுவதை ஆங்கிலத்தில் 'டாலரன்ஸ்' (tolerance) என்கிறார்கள். அதைத் தமிழில் 'எதிர்ப்புவிலக்கு' எனலாமா என்ற என் யோசனைக்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> 'சகிப்புத்தன்மை' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். பால் ஒத்துக்கொள்ளாததை 'லாக்டோஸ் சகிப்பின்மை' என்று எழுதிப் பழகிவிட்டோம். லாக்டேஸ் நொதி குறைவதால் வரும் செரிமானக் கோளாறு அது. நோயெதிர்ப்பு மண்டலம் அதில் தலையிடுவதே இல்லை. பால் புரதத்துக்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலத்தில் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருள் உண்டாகி வரும் ஒவ்வாமை வேறு. இப்போதே பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நாமும் சேர்ந்து குழப்ப வேண்டாம்.

> அப்படியானால் 'தாங்குதிறன்'?

மருந்தியலில் அது புழங்குகிறது. ஒரே அளவு மருந்தின் விளைவு நாளாக நாளாகக் குறைவதற்கு அங்கே அந்தச் சொல் பொருத்தமும்கூட. நாம் பேசுவது அதுவல்ல.

'பொறை' அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் பிழை செய்தவரைப் பொறுத்துக்கொள்வதல்லவா பொறை? கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் என்ன பிழை செய்தது, நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல் அதைப் பொறுத்தருள?

நடப்பதைப் பார்ப்போம். டி செல்களின் ஏற்பிகள் மரபணுத் துண்டுகள் தற்போக்காகக் கலைந்து சேர்வதால் உருவாகின்றன. எந்தக் கிருமி வந்தாலும் அடையாளம் காண அதுதான் வழி. ஆனால் அந்தக் கலவையில் சொந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் தவறாமல் வந்துவிடும். டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பியில் ஏர் (AIRE) என்ற மரபணுவின் தயவால் இன்சுலின் உள்ளிட்ட பிற உறுப்புகளின் புரதங்களும் சிறிதளவு உண்டாகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. தப்பி வெளியே வந்தவற்றை 'நெறிப்படுத்தும் டி செல்கள்' என்ற தனி வகை அடக்கி வைக்கிறது. சிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பகுதிக்குத்தான்.

ஆக, இங்கே யாரும் எதையும் சகிப்பதில்லை. எதிர்ப்பு வழக்கம்போல இருக்கிறது, குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் அது பாய்வதில்லை. வரிவிலக்கு மாதிரி. அதனால்தான் 'எதிர்ப்புவிலக்கு' என்கிறேன். 'மதுவிலக்கு' போலத் தடை என்று படித்துவிடுவார்களே என்ற ஐயம் நியாயம்தான். முழு வாக்கியத்தில் அது தெளிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது, விலக்கு என்றால் அளிக்கலாம், பறிபோகலாம். உயிரியலாளர் பீட்டர் மெடவாரின் குழு 1953இல் பிறவா எலிக்குஞ்சுகளுக்கு வேறு இன எலியின் செல்களைச் செலுத்தியது. வளர்ந்தபின் அவற்றில் பல அந்த இனத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோலை ஏற்றுக்கொண்டன. இதை 'பெற்ற எதிர்ப்புவிலக்கு' எனலாம். தைமஸில் நடப்பது மைய எதிர்ப்புவிலக்கு, வெளியே நடப்பது புற எதிர்ப்புவிலக்கு. விலக்கு முறிந்தால் தன்னெதிர்ப்பு நோய்: முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

'டாலரோஜெனிக்' (tolerogenic), அதாவது இந்த விலக்கை உண்டாக்கும் என்பதற்குத்தான் இன்னும் சரியாக அமையவில்லை. 'விலக்கூட்டும்' என்று போட்டுப் பார்த்தேன், 'ஊட்டும்' கொஞ்சம் இடிக்கிறது. யாருக்காவது வேறு தோன்றுகிறதா?