மறு: ‘பல்ப் மேகசின்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்ங்க. மட்டத் தாளில் அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்ற ‘பல்ப் மேகசின்’ என்ற கதை இதழுக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘மலிவிலக்கிய இதழ்’ என்று முடித்துவிடலாமா?

சேலத்து ஐயா, இது மட்டும் வேண்டாம்ங்க. ‘மலிவு’ விலையைச் சொல்ல வந்து தரத்தைச் சொல்லிவிடுகிறது. கோவை, ஈரோடு பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் படித்தே வாசிப்புக்குள் வந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். மில்லில் ஷிப்டு பார்த்தவர்களும் தறி ஓட்டியவர்களும் அதில் உண்டு. கோவைக்காரர் ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுத முடிந்தது அப்படிப்பட்ட வாசகர்கள் இருந்ததால்தான். அவர்கள் படித்ததை மட்டம் தட்டும் சொல் நம் தொகுப்பில் ஏறக்கூடாது.

‘பல்ப்’ என்ற பெயரே காகிதத்திலிருந்து வந்தது. 1896-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் மன்சி தன் ‘ஆர்கோசி’ இதழை முழுக்கக் கதைகளுக்கே ஒதுக்கி, மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டு 10 சென்ட்டுக்கு விற்றார். படிப்பவர்களுக்குக் கதைதான் முக்கியம், தாள் அல்ல என்பது அவர் கணக்கு, அது பலித்தது. மரத்தைக் கல்லில் வைத்து அரைத்தெடுக்கும் கூழில், மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் அந்தத் தாள் சீக்கிரமே பழுத்து, ஓரம் ஒடிந்து உதிர்கிறது. இந்த இதழ்களைச் சேர்த்து வைப்பவர்களின் பெரிய தலைவலி இன்றும் அதுதான்.

அப்படியானால் ‘கூழ் இதழ்’ போதுமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போதாது. எல்லாத் தாளும் கூழிலிருந்து வருவதுதான். கரூர் பக்கத்துப் புகளூர் காகித ஆலையில் கரும்புச் சக்கையைக் கூழாக்குகிறார்கள். அதில் நல்ல வெள்ளைத் தாளும் வருகிறது. மட்டத் தாள் என்கிற குறிப்பு ‘கூழ்’ என்ற சொல்லில் கிடைப்பதில்லை. ‘பல்ப்’ என்று அப்படியே எழுதினாலோ, படிப்பவர்களுக்கு முதலில் மின்விளக்குதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: சாணித்தாள் இதழ். பழுப்பும் சொரசொரப்புமான மட்டத் தாளுக்கு மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயர் சாணித்தாள். நிறத்தை வைத்து வந்த பெயர் அது. நாமாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஈரோட்டு அம்மா, ‘சாணி’ இழிவாகத் தொனிக்காதா என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் சாணி தெளித்த வாசலில்தான் கோலம் போடுகிறோம், சாணியில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் வைக்கிறோம். கொங்குக் காதுக்கு அது வசைச்சொல் இல்லைங்க.

அப்புறம், இந்த இழையில் பல்ப் இதழையும் சேர்த்து நான்கு வேறு வேறு பண்டங்களை ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். இதுதான் எனக்கு உண்மையான கவலை.

‘பென்னி டிரெட்ஃபுல்’ 1830-களில் லண்டனில் தொடங்கியது: வாரம் ஒரு பென்னி, சில பக்கங்கள், தொடர்ந்து வரும் திகில் கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு 16 பென்னி, அணாவும் 16. ஆகவே ஓரணாத் திகில் சரியாகப் பொருந்தும். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற நம் பாட்டுப் புத்தகங்களும் காலணா, அரையணா என்று விலையாலேயே அறியப்பட்டவைதானே.

‘ஸ்டோரி பேப்பர்’ செய்தித்தாள் போன்ற அமைப்பில் வந்த வாராந்தரி. 1845-ல் தொடங்கிய ‘லண்டன் ஜர்னல்’ நல்ல உதாரணம். கதைத்தாள் என்றால் போதும்.

‘டைம் நாவல்’ 1860-ல் அமெரிக்காவின் பீடில் நிறுவனம் தொடங்கியது; ‘டைம்’ என்பது அங்கே பத்து சென்ட் நாணயம். ஒரு புத்தகத்துக்கு ஒரு முழுக்கதை, விலை 10 சென்ட். பத்துக்காசு நாவல் என்கிறேன்.

இப்போது பாருங்கள், நம் பாக்கெட் நாவல் இவற்றில் எதற்கு உறவு? தாளால் அது சாணித்தாள் இதழ்தான். ஆனால் ஆர்கோசி வகையில் ஓர் இதழுக்குள் பல பேர் எழுதிய கதைகள் இருக்கும். நம்முடையதில் பெரும்பாலும் ஒருவர் எழுதிய ஒரு முழு நாவல். அமைப்பில் அது பத்துக்காசு நாவலுக்கே நெருக்கம். ‘தமிழ் பல்ப்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு காணாமல் போகும். அதனால் ‘பாக்கெட் நாவல்’, ‘மாத நாவல்’ இரண்டையும் மாற்றாமல் தனிப் பதிவுகளாகவே வைக்கலாம்.

ஒன்று பாக்கி. சாணித்தாள் இதழ்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ‘ஸ்லிக்’ என்றொரு வகை உண்டு: பளபளப்பான தாள், நிறைய விளம்பரம், எழுதுபவருக்குக் கூடுதல் சன்மானம். ‘வழவழத்தாள் இதழ்’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறுகிறது. அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அந்தத் தாளுக்கு அங்கே புழங்கும் பெயரைச் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.