ஹாப்பர் வரைந்தது நம்முடைய தனிமையைத்தானா?

கரிசல்காரன், ஜோஹானஸ்பர்க்
ஜோஹானஸ்பர்க்கின் வசதியான பகுதியான சாண்ட்டனில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறேன். சோஃபாவுக்கு மேலே அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ அச்சுப்படம் தொங்குகிறது. 1942-இல் வரைந்தது. நள்ளிரவு, தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக் கடை, கண்ணாடிக்கு உள்ளே நாலு பேர். யாரும் யாரிடமும் பேசுவதாகத் தெரியவில்லை. மாட்டி ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன், தெருவிலிருந்து அந்தக் கடைக்குள் போகக் கதவே இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ‘இப்போது நாமெல்லாரும் ஹாப்பர் படங்கள்’ என்று உலகமே அவர் படங்களைப் பகிர்ந்தது. ஊரடங்கு போய்விட்டது, நான் அப்படியேதான் இருக்கிறேன். மின்வேலி, கேட்டில் விரல்ரேகை, வீட்டிலிருந்தே வேலை. நவீன ஓவியம் நம்மை அப்போதே வரைந்து வைத்துவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சாட்ஸ்வர்த் அக்கா, டர்பன்
மறுக்கிறேன் தம்பி. ‘நம்மை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் தகராறு. யார் அந்த நாம்?

என் ஆயா இருந்தது மேகசின் பராக்ஸில். டர்பன் நகரசபையில் வேலை பார்த்த தமிழரும் தெலுங்கரும் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம். குடும்பத்துக்கு ஒரு அறை, தண்ணீருக்குப் பொதுக் குழாய். குழாயடியில் தினமும் சண்டை. 1950-இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரிக்கும் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. 60-களில் எல்லாரையும் கிளப்பிக் கொண்டுவந்து, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் போட்டார்கள். இங்கே தனி அடுப்படி, தனிக் குழாய். வந்த முதல் வாரம் ஆயா, “சண்டை போடக்கூட ஆள் இல்லையே” என்று குழாயைத் திறந்து திறந்து மூடினார்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அப்புறம் சிரிக்க மாட்டார்.

அந்தத் தனிமையைச் செய்தது நவீன வாழ்க்கை இல்லை. சட்டமும் லாரியும். ஏழாவது மாடியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதை அதோடு சேர்க்காதீர்கள்.

பன்னிசவ் ரசிகன்
குவார்ட்டர் மட்டன் பன்னி (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் நம்ம டர்பன் பன்னிசவ்) வாங்கிக்கொண்டு கடற்கரையில் நாலு பேரோடு உட்கார்ந்தால் போய்விடும் தனிமை. இதற்கு ஓவியம் எதற்கு?

தூரிகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்
பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். நடுவில் தலையை நீட்டுகிறேன்.

கரிசல், அந்தச் சிவப்புச் சட்டைப் பெண்ணுக்கு மாடலாக நின்றது ஹாப்பரின் மனைவி ஜோசஃபின். ஆண்களுக்கு ஹாப்பர் தானே கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டார். முடித்த சில மாதங்களிலேயே சிகாகோ கலைக்கூடம் 3,000 டாலருக்கு வாங்கிவிட்டது. இடம் அப்படியொன்றும் தனிமையாகத் தனக்குப் படவில்லை, ஆனால் தன்னை அறியாமலே ஒரு பெருநகரத்தின் தனிமையை வரைந்திருக்கலாம் என்று பின்னாளில் சொன்னார். இது பாதி ஒப்புதல்தான்.

நார்வே ஓவியர் மூங்க் 1893-இல் வரைந்த ‘அலறல்’ படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முன்னால் இருக்கும் முகத்தையே பார்க்கிறோம். பின்னால் இரண்டு பேர் அதே பாலத்தில் இருக்கிறார்கள். கூட வந்த நண்பர்கள் நடந்துபோய்விட்டார்கள் என்று மூங்கே எழுதி வைத்திருக்கிறார். கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கிறது, காதில் விழவில்லை. ஆகவே பன்னி நண்பரே, நாலு பேரோடு உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பதை இந்தப் படம் ஒப்புக்கொள்ளாது.

கரிசல்காரன்
அக்கா, உங்கள் ஆயாவுக்கு நடந்தது அநியாயம், அதில் வாதமே இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய தனிமை வலிக்காதா? ஹாப்பரின் 1927 படம் ‘ஆட்டோமேட்’. காசு போட்டுத் தானே எடுத்துச் சாப்பிடும் இயந்திர உணவகம் அது. ஒரு பெண் காப்பிக் கோப்பையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் உறை கழற்றியிருக்கிறாள், மற்றதில் இல்லை. பின்னால் சன்னலில் தெரு தெரியவில்லை, உள்ளே எரியும் விளக்குகளின் வரிசைதான் தெரிகிறது. அந்த ஒற்றைக் கையுறையை எந்தச் சட்டமும் போடச் சொல்லவில்லை. கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்காரும்போது எனக்கு அவள் நினைவுதான் வரும்.

சாட்ஸ்வர்த் அக்கா
நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள், அதற்கு மார்க் உண்டு. இனி இந்த மண்ணின் படம் ஒன்றைப் பாருங்கள். தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செக்கோட்டோ 1946-47-இல் வரைந்த ‘பிக்காசின் பாட்டு’. பிக்காசோ இல்லை, நிலம் கொத்துகிற பிக்காசு. வரிசையாகக் கறுப்புத் தொழிலாளிகள், எல்லார் பிக்காசும் ஒரே தாளத்தில் மேலே போகிறது. பின்னால் மெலிந்த ஒரு வெள்ளைக்காரக் கங்காணி. படத்தில் தனியாக நிற்பது அவன் ஒருவன்தான். கரும்புத் தோட்டத்தில் சர்தாருக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் பேத்திக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

நவீன ஓவியம் என்றாலே தனிமை என்று யார் சொன்னது? இதுவும் நவீன ஓவியம்தான்.

தூரிகை
அக்கா, செக்கோட்டோவைக் கொண்டுவந்துவிட்டீர்கள், அப்படியானால் மீதியையும் சொல்ல வேண்டும். 1947-இல் பாரிஸுக்குப் போனவர் இங்கே திரும்பவே இல்லை, 1993-இல் பிரான்ஸிலேயே இறந்தார். ஆரம்பத்தில் இரவு விடுதியில் பியானோ வாசித்துப் பிழைத்தார். இங்குள்ள தெருக்களை அங்கிருந்து நினைவில் வைத்தே வரைந்தார். கூட்டத்தை வரைந்தவர் சொந்த மண்ணைவிட்டுத் தூரத்தில், தனிமையை வரைந்தவர் மனைவியோடு இருந்தார்.

கரிசல்காரன்
அழகான வரி, ஆனால் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை :) நான் அந்தக் கங்காணியைப் பிடித்துக்கொள்கிறேன். வேலிக்குப் பின்னால் நிற்பவன்தானே நான்?

சாட்ஸ்வர்த் அக்கா
கங்காணிக்காக அழச் சொல்கிறீர்களா? முடியாது.

கரிசல்காரன்
அழ வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். சாட்ஸ்வர்த்தில் இப்போது உங்கள் மதில் எத்தனை அடி?

சாட்ஸ்வர்த் அக்கா
எட்டடி. மேலே முள்கம்பி.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் தெருமுனையில் பழைய டயர்களை அடுக்கித் தடுப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஆட்கள் காவல் நின்றார்கள். நான் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், பன்னிரண்டு வருடமாக எதிரே இருக்கிறார். பராக்ஸ் திரும்பி வந்தமாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதே நாட்களில் டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான பீனிக்ஸில் இதேமாதிரி தடுப்புகளில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். அதையும் மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் யாரும் வரவில்லை, அதனால் தப்பித்தோம், அவ்வளவுதான்.

சுற்றிலும் இருட்டு, ஒரு விளக்கு, அதன் கீழே நாலு பேர், உள்ளே வரக் கதவு கிடையாது. உங்கள் சோஃபாவுக்கு மேலே தொங்குகிற படம்தான் தம்பி. வெளியே தெருவில் நின்றவன் அதில் இல்லை.