டர்பனில் தனியார் கல்லூரி: பணம் கட்டுவதற்கு முன்

சகோதரி, மகளின் படிப்புக்கு அரசு உதவி கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அதுதான் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் எல்லோர் வாயிலும் அடிபடும் ‘என்ஸ்ஃபாஸ்’ (அரசின் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம்) உதவித்தொகை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே உரியது. குடும்ப வருமானமும் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டக் கூடாது. வேலை விசாவில் வந்த நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. தனியார் கல்லூரி என்றால் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கே கிடையாது. “சேர்ந்துவிடுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கட்டணக் கடிதத்தை இரவில் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். என் மூத்தவனைச் சேர்த்தபோது கடிதத்தில் இரண்டு தொகைகள் இருந்தன: ஜனவரியில் மொத்தமாகக் கட்டினால் ஒன்று, பத்துத் தவணையாகக் கட்டினால் இன்னொன்று. தவணைத் தொகை கைக்கு அடக்கமாகத் தெரிந்ததும் கையெழுத்திட்டுவிட்டேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில், மளிகைச் சீட்டின் பின்புறத்தில் என் மனைவி பத்தையும் கூட்டிக் காட்டினாள். ஒரு முழுத் தவணைக்கும் மேலாகக் கூடுதல்! பதிவுக் கட்டணம் திரும்ப வராது என்பதும், தோற்ற பாடத்துக்கு மறுபடி முழுப் பணம் கட்ட வேண்டும் என்பதும் அடுத்த பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தன. புத்தகம், மடிக்கணினி எல்லாம் தனி.

அந்தக் கல்லூரி உயர்கல்வித் துறையில் பதிவானதுதானா என்று கட்டாயம் பாருங்கள். பதிவு எண்ணில் முதலில் ஆண்டும், அடுத்து ‘ஹெச்இ’ (HE) என்ற எழுத்துகளும் வரும். அந்த எண்ணைத் துறையின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். மகள் படிக்கப்போகும் படிப்புக்கும் தனியாக அங்கீகாரம் வேண்டும். கல்லூரி பதிவானது என்பதால் எல்லாப் படிப்பும் செல்லும் என்று ஆகிவிடாது. ‘பல்கலைக்கழகம்’ என்று பெயரில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தனியார் நிறுவனங்கள் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள நெடுங்காலம் சட்டம் இடம் தரவில்லை.

பணத்துக்கு வேறு வழி? உங்கள் கணவரின் நிறுவனத்தில் ஊழியர் பிள்ளைகளுக்கு ‘பர்சரி’ (படிப்பு உதவித்தொகை) உண்டா என்று ஊதியப் பிரிவில் கேட்கச் சொல்லுங்கள். கேட்காதவர்களுக்கு அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வங்கிக் கடனுக்கு வருமானமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டி கட்டும்படி இருக்கும். கடனின் அசலைப் படிப்பு முடிந்த பிறகு கட்டலாம்.

தனியாரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் மாகாணத்தின் மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பம் போதும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் அதையும் தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்தே படிக்க யுனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கட்டணக் கடிதம் கைக்கு வந்ததும் பெயரை மறைத்து இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.